இருமல் மருந்தும் இலைத் தண்ணியும்: பள்ளியில் யார் சொல்லிக் கொடுப்பது?



சம்பளம், வீடு, தண்ணீர், வைப்பு நிதி என்று எழுதி வருகிற இந்தப் பகுதியில் இந்த வாரம் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. சங்கக்காரனுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். நம் பிள்ளை படிப்பை விட்டு வெளியே வந்தால் அவன் போய் நிற்கப் போகிற இடம் நமக்குத் தெரியும். அந்த இடத்துக்கு அவனை அனுப்பிவிட்டுப் பிறகு சம்பள உயர்வு கேட்டு என்ன பிரயோஜனம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெற்குக் கெடாவில் ஒரு தோட்டம். பேர் வேண்டாம். கூட்டம் முடிந்து கிளம்பும் நேரத்தில் ஒரு தங்கச்சி கையில் கடிதத்தோடு வந்து நின்றார். செம்பனை உதிரிப்பழம் பொறுக்குகிற வேலை செய்கிறவர். புருஷன் இல்லை. "அண்ணே, இத கொஞ்சம் படிச்சி சொல்லுங்க. ஸ்கூல்ல குடுத்தாங்க. அவன கேட்டா வாய தொறக்க மாட்டேங்குறான்" என்றார். மலாய்க் கடிதம். மூன்றாம் படிவம் படிக்கிற மகனின் பையில் மருந்துப் புட்டி இருந்ததாகவும், இரண்டு வாரம் பள்ளிக்கு வரக் கூடாது என்றும், அதற்கு மேல் என்ன நடவடிக்கை என்பது பின்னால் தெரிவிக்கப்படும் என்றும் எழுதியிருந்தது. படித்துச் சொன்னேன். அந்த அம்மாள் அழவில்லை. "அவன் இருமவே இல்லயேண்ணே" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் என் பழைய காரில் தாயையும் மகனையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். கட்டொழுங்கு ஆசிரியர் நல்ல மனிதர்தான். ஆயிரம் பிள்ளைகளைக் கட்டி மேய்த்துக் களைத்துப்போன முகம். மேசை இழுப்பறையில் இருந்து அந்தப் புட்டியை எடுத்துக் காட்டினார். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் புட்டி, பழுப்புத் தண்ணி. "இது டாடா. பள்ளிக்கூடத்தில் டாடாவுக்கு இடமில்லை" என்றார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாங்களும் நின்றோம்.

திரும்பி வரும்போது பின்சீட்டில் இருந்து அவன் கேட்டான்: "அங்கிள், அது இருமல் மருந்துதானே? டாக்டரே குடுக்குறாரு. அது எப்படி டாடா ஆவும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இருபது வருடமாகச் சங்க வேலை பார்க்கிறேன். நிர்வாகத்தோடு எத்தனையோ முறை வாதாடியிருக்கிறேன். பதினைந்து வயதுப் பையன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவன் ஆசிரியரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் தாய்க்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. டாடா கெட்டது என்று எல்லாரும் சேர்ந்து அவனுக்குச் சொல்லியிருக்கிறோம். எது டாடா என்று ஒருவரும் சொல்லவில்லை.

நான் படித்ததும் தோட்டப் பள்ளியில்தான். தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைத்தாக வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் போட்ட கட்டாயத்தில் பிறந்த பள்ளிகளின் வரிசையில் வந்த ஒன்று. 1983இல் அரசாங்கம் போதைப்பொருளை நாட்டின் பாதுகாப்புக்கே ஆபத்து என்று அறிவித்தது. அதற்குப் பிறகு வந்த வருடங்களில் படித்த பிள்ளைகள் நாங்கள். பிப்ரவரி 19ஆம் தேதி வந்தால் போதும், போதை ஒழிப்பு நாள் என்று ஓவியப் போட்டி நடக்கும். நானும் வரைந்தேன். மண்டை ஓடு, ஊசி, பக்கத்தில் ஒரு தூக்குக் கயிறு. இரண்டாம் பரிசாகப் பென்சில் பெட்டி கிடைத்தது. எங்கள் பள்ளியில் இருந்து கூப்பிடு தூரத்தில் கள்ளுக்கடை இருந்தது. சாயங்காலம் அதைத் தாண்டித்தான் வீட்டுக்கு வருவோம். அதைப் பற்றி ஒருவரும் எங்களுக்குப் பாடம் எடுத்ததில்லை. படத்தில் இருந்த ஊசியை நான் வாழ்நாளில் எந்தப் பையன் கையிலும் பார்த்ததில்லை. வழியில் பார்த்ததெல்லாம் வேறு.

இன்றும் அதே கதைதான். சுவரில் ஊசிப் படம். பையன் கையில் இருமல் மருந்து, இலைத் தண்ணி, வீட்டு அலமாரியில் இருந்து எடுத்த மாத்திரை. படத்தில் இருப்பது வேறு, கையில் இருப்பது வேறு என்றால் அவன் என்ன நினைப்பான்? 'நான் குடிப்பது டாடா இல்லை' என்றுதான் நினைப்பான். அந்தத் துணிச்சலை அவனுக்குக் கொடுத்தது நாம் ஒட்டிய படம்தான்.

பையன் கேட்ட கேள்வியைத் தூக்கிக்கொண்டு நான் ஒரு பெரியவரிடம் போனேன். பல தோட்ட ஆஸ்பத்திரிகளில் டிரஸராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எனக்கு விளங்கும்படி சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

குழம்புக்கு நாம் அரைக்கிற கசகசா எந்தச் செடியின் விதையோ, அந்தச் செடியின் பச்சைக் காயில் இருந்து வருவதுதான் அபின். பால்மரத்தை நாம் கீறிப் பால் எடுக்கிற மாதிரியே அந்தக் காயைக் கத்தியால் கீறுகிறார்கள். வெள்ளைப் பால் வடியும். காய்ந்து பழுப்பான பிறகு சுரண்டி எடுப்பார்கள். மரம் வெட்டினவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்தப் பாலுக்குள்ளே இருக்கிற சரக்கைத் தனியாகப் பிரித்தெடுத்து மார்பின் ஆக்கினார் ஒரு ஜெர்மன் மருந்துக்காரர். அது நடந்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதே பாலில் இருக்கிற இன்னொரு சரக்குதான் கோடீன். மார்பினை மேலும் மாற்றிச் செய்தது ஹெரோயின். இந்த ஹெரோயினை 1898இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி என்ன சொல்லி விற்றது தெரியுமா? இருமல் மருந்து என்று! டிரஸர் ஐயா இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆக, பையன் கேட்டதற்குப் பதில் இதுதான். சில இருமல் மருந்துகளில் கோடீன் இருக்கிறது. எல்லாவற்றிலும் இல்லை, ஆகவே வீட்டில் இருக்கிற புட்டியை எல்லாம் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். கோடீன் வயிற்றுக்குள் போனதும் அதில் ஒரு பகுதியை நம் ஈரல் மார்பினாக மாற்றிவிடுகிறது. 'எப்படி டாடா ஆவும்' என்று கேட்டாயே தம்பி, உன் ஈரலில்தான் ஆகிறது. ஒருவன் உடம்பு மெதுவாக மாற்றும், இன்னொருவன் உடம்பு வேகமாக மாற்றும். யார் உடம்பு எப்படி என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கவில்லை. இதனால்தான் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் கோடீன் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2017இல் அறிவித்தது. இரண்டு கரண்டி குடிக்க வேண்டிய மருந்தை முழுப் புட்டியாகக் குடித்தால், ஒரே இரவில் இரண்டு மூன்று புட்டி குடித்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது கெத்தும். வடக்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கெடாவிலும் பெர்லிசிலும் பேராக்கிலும் மரம் தன்னால் வளர்கிறது. இலையைக் கொதிக்க வைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, தேத்தண்ணி மாதிரி விற்கிறார்கள். வெயிலில் உழைக்கிற கம்பத்துக்காரர்கள் அந்தக் காலத்தில் களைப்புத் தெரியாமல் இருக்க மென்றார்கள், காய்ச்சிக் குடித்தார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்த இலையில் இருக்கிற சரக்கு, மார்பின் போய் உட்காருகிற அதே நாற்காலியில்தான் மூளையில் போய் உட்காருகிறது. இந்த நாட்டில் அது 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் தாய்லாந்தில் 2021இல் தடையை எடுத்துவிட்டார்கள். நம் பையன்களுக்கு இது நன்றாகத் தெரியும். "சியாமுல ஓகே அங்கிள்" என்பான். அவனிடம் போய் 'ஒரு வாய் குடித்தால் செத்துப் போவாய்' என்று சொல்லாதீர்கள். அவன் ஏற்கெனவே பத்து வாய் குடித்திருப்பான். சாகவில்லை. நீங்கள் சொன்னது பொய் என்று முடிவு கட்டுவான். அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையும் அவன் காதில் ஏறாது. தனியாகக் குடிக்கிற இலைத் தண்ணியைவிட, அதில் இருமல் மருந்தையும் தூக்க மாத்திரையையும் சம்சுவையும் கலக்கிறார்களே, அங்கேதான் எமன் உட்கார்ந்திருக்கிறான் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

(சியாபு, குதிரை மாத்திரை என்கிற சரக்குகளைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்காதீர்கள். இந்த நாட்டில் இன்று அவற்றில் சிக்குகிறவர்கள் இன்னும் அதிகம்தான். அது ஆளைத் துள்ள வைக்கிற வேறு இனம். இது ஆளைத் தூங்க வைக்கிற இனம். இன்னொரு வாரம் பார்ப்போம்.)

தூங்க வைக்கிறது என்று சொன்னேனே, அதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் வேறொரு தோட்டத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். பத்தொன்பது வயதுப் பையன். தகப்பன் எங்கள் கிளையில் கமிட்டி உறுப்பினர். முதல் நாள் இரவு நான்கு நண்பர்கள் பழைய ஆயாக் கொட்டகையில் கூடியிருக்கிறார்கள். இலைத் தண்ணி, இருமல் மருந்து, எங்கிருந்தோ வாங்கிய தூக்க மாத்திரை. நடுச்சாமத்துக்கு மேல் இவன் மட்டும் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டிருக்கிறான். சாதாரணக் குறட்டை இல்லை, தொண்டையில் தண்ணி நின்று கொழகொழவென்று வருகிற சத்தம். மற்றவர்கள் "நல்லா தூங்குறான், விடு" என்று விட்டுவிட்டார்கள். ஒருவன் அதைக் கைப்பேசியில் பதிவு செய்து சிரித்தும் இருக்கிறான். பிறகு குறட்டை நின்றது. உதடு நீலம் பாய்ந்த பிறகுதான் பயம் வந்தது. அப்போதும் ஆம்புலன்சுக்குப் போன் போடவில்லை. போலீஸ் வரும் என்ற பயம். சத்தமில்லாமல் கலைந்து போனார்கள். காலையில் பெரட்டுக்குப் போகிறவர்கள் பார்த்துச் சொன்னார்கள்.

அந்த மூன்று பையன்களும் கெட்ட பையன்கள் இல்லை. சுடுகாட்டில் அவர்கள் அழுத அழுகையை நான் பார்த்தேன். அந்தக் குறட்டை என்ன குறட்டை என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

மூச்சு நாம் நினைத்து விடுவதில்லை. தூங்கும்போதும் மூளையின் அடிப்பாகம் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. அபின் இனத்துச் சரக்கு எதுவாக இருந்தாலும் அந்த வேலைக்காரனைத்தான் தூங்கப் போடுகிறது. ஒரு நிமிடத்துக்குப் பன்னிரண்டு, பதினாறு முறை வாங்க வேண்டிய மூச்சு எட்டாகும், ஐந்தாகும், நின்றுவிடும். தூக்க மாத்திரையும் சாராயமும் சேர்ந்தால் அவையும் அதே வேலைக்காரன் கழுத்தில் ஏறி உட்காருகின்றன. கண்ணின் கருமணி ஊசி முனை மாதிரி சுருங்கியிருக்கும். தட்டி எழுப்பினால் எழுந்திருக்க மாட்டான். அந்த நேரத்தில் 999க்குப் போன் செய்ய வேண்டும். மல்லாக்கப் படுத்திருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாந்தி எடுத்தால் மூச்சுக் குழாயில் போகாமல் இருக்க. மூச்சே இல்லை என்றால், போனில் பேசுகிறவர்கள் சொல்கிறபடி செய்ய வேண்டும். தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. என்ன குடித்தான் என்பதை மறைக்கக் கூடாது, ஏனென்றால் அபின் இனத்தின் பிடியை உடனே விடுவிக்கிற நலொக்சோன் என்கிற மாற்று மருந்து ஒன்று இருக்கிறது. ஆனால் எதைக் குடித்தான் என்று தெரிந்தால்தானே டாக்டர் அதைப் போடுவார்?

இதைச் சொல்லிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு பாட நேரம் போதும்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இது பழகப் பழக உடம்பு கூடக் கேட்கும். நேற்று ஒரு புட்டி போதும், இன்று இரண்டு வேண்டும். நிறுத்தினால் மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும், வயிறு கலக்கும், எலும்பு எலும்பாக வலிக்கும். அதைத் தாங்க முடியாமல்தான் திரும்பக் குடிக்கிறான், ஆசைக்காக மட்டும் இல்லை. சில மாதம் நிறுத்தினால் தாங்குகிற சக்தி போய்விடும். லாக்கப்பில் இருந்தோ மறுவாழ்வு மையத்தில் இருந்தோ வெளியே வந்தவன் பழைய அளவையே எடுத்தால் அன்றைக்கே முடிந்துவிடும். பையன் திருந்தி வந்துவிட்டான் என்று பொங்கல் வைத்த வீட்டில் இழவு விழுவது இதனால்தான்.

பள்ளியில் பாடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நலக்கல்வி என்று ஒரு பாடம் தமிழ்ப்பள்ளியிலும் இருக்கிறது, இடைநிலைப் பள்ளியிலும் இருக்கிறது. போதைப்பொருளைத் தவறாகப் பயன்படுத்துவது பற்றி அதில் பகுதியும் இருக்கிறது. பெமாடாம் சங்கம் 1976இல் இருந்து பிரசாரம் செய்து வருகிறது. அவர்கள் உழைப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் நலக்கல்வி என்றால் வாரத்தில் கொஞ்ச நேரம். பரீட்சை நெருங்கினால் அந்த நேரத்தையும் கணக்குப் பாடம் விழுங்கிவிடும். மிச்சம் இருப்பது மண்டபத்தில் ஐந்நூறு பிள்ளைகளை உட்கார வைத்து, சீருடைக்காரர் ஒருவர் மைக் பிடித்துச் சட்டம் பேசுவது. பதினைந்து கிராம் ஹெரோயின் கையில் இருந்தால் கடத்தல்காரன் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும், தூக்கு வரை போகும் என்பார். கட்டாயத் தூக்கு என்பதை 2023இல் எடுத்துவிட்டார்கள். நீதிபதி விருப்பப்படி இப்போதும் கொடுக்கலாம். சட்டம் தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் பதினைந்து வெள்ளிக்கு இருமல் மருந்து வாங்குகிற பையனுக்கும் அந்தப் பதினைந்து கிராமுக்கும் என்ன சம்பந்தம்? அவன் தூங்கிவிடுவான். இது வேறு தூக்கம்.

பயமுறுத்தினால் பிள்ளை திருந்தும் என்பது நம்மிடம் மட்டும் இருக்கிற நம்பிக்கை இல்லை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1983இல் போலீஸ்காரர்களைப் பள்ளிக்கு அனுப்பிப் பாடம் நடத்தும் திட்டம் ஒன்று தொடங்கினார்கள். டேர் என்று பெயர். நாடு முழுவதும் பரவியது. சட்டை, பென்சில் எல்லாம் கொடுத்தார்கள். பல வருடம் கழித்து ஆராய்ச்சி செய்து பார்த்தால், அந்தப் பாடம் கேட்ட பிள்ளைகளுக்கும் கேட்காத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் பெரிதாக வித்தியாசமே இல்லை. அந்த நாட்டிலேயே 2021இல் அளவு மீறி எடுத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் ஏறக்குறைய 80 ஆயிரம் பேர் அபின் இனத்துச் சரக்கால். அந்தத் தீ முதலில் பற்றிக்கொண்டது டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையில். தெருவில் விற்ற பொட்டலம் அதற்குப் பின்னால்தான் வந்தது. நாம் கவனிக்க வேண்டியது அதை.

ஏனென்றால் என் வீட்டிலேயே அது இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் மோட்டாரில் இருந்து விழுந்து முதுகில் அடி. டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டேன், வலி நின்றதும் மீதியைச் சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். டிரஸர் ஐயாவிடம் பேசிவிட்டு வந்த அன்று எடுத்துப் பார்த்தால் டிராமடோல். அதுவும் இதே இனம். என் பிள்ளைகள் தினமும் விபூதி எடுக்கிற கை நீட்டும் தூரத்தில் இரண்டு வருடம் கிடந்திருக்கிறது. நான் ஊருக்கு உபதேசம் செய்கிறவன்! மறுநாளே ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இது நமக்கு வந்த புது வியாதி என்றும் நினைக்காதீர்கள். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரை ஆண்ட வெள்ளைக்காரன் அரசாங்கத்துக்கு இந்த நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டின் தொடக்கத்தில் வருமானத்தில் ஏறக்குறைய பாதி அபினில் இருந்து வந்தது. கல்கத்தாவில் இருந்து கப்பலில் இறக்கி, சண்டு காய்ச்சி, சீனத் தொழிலாளிக்கு விற்றான். 1910இல் அந்த வியாபாரத்தை அரசாங்கமே நேரடியாக எடுத்து நடத்தியது. ஈயச் சுரங்கத்தில் அவனுக்குச் சண்டு, பால்மரக் காட்டில் நமக்குக் கள்ளு. உடம்பு வலிக்க வேலை வாங்கு, வலி மறக்க ஒன்றை விற்று அந்தக் கூலியையும் திரும்ப வாங்கிக்கொள். இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சரித்திரப் பாடத்தில் சொல்லிக் கொடுத்தாலும் நல்லதுதான். தன்னை யார் ஏமாற்றுகிறான் என்று தெரிந்தால் ரோஷம் வரும். ரோஷத்துக்கு ஊசிப் படத்தைவிடச் சக்தி அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

சரி, நான் கேட்பது என்ன?

நலக்கல்விப் பாடத்தில் சரக்கின் பேரைச் சொல்லிப் பாடம் நடத்துங்கள். கோடீன், டிராமடோல், கெத்தும் என்று, அந்த வட்டாரத்துப் பையன்கள் வைத்திருக்கிற செல்லப் பேரையும் சேர்த்து. பேரைச் சொன்னால் தெரியாத பிள்ளைக்கும் தெரிந்துவிடும் என்று சில ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். ஐயா, உங்களுக்கு முன்னாலேயே அவனுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டிலேயே தமிழில் சொல்லுங்கள். படிவம் ஒன்றுக்குப் போய் மொழி தடுமாறி, பின் பெஞ்சில் உட்கார்ந்து, அண்ணன்மார் கூட்டத்தில் சேர்ந்த பிறகு சொல்வதைவிட அது மேல். போலீஸ்காரரை வருடத்துக்கு ஒரு முறை கூப்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைவிட அடிக்கடி அரசாங்க மருந்தகத்தில் இருந்து ஒரு மருந்தாளரையோ கிளினிக் நர்ஸையோ கூப்பிடுங்கள். மண்டபத்தில் வேண்டாம், வகுப்பறையில் முப்பது பிள்ளைகளோடு. பிள்ளை கேள்வி கேட்க இடம் இருக்க வேண்டும்.

அப்புறம் அந்த வெளியே தள்ளுகிற விஷயம். புட்டியோடு பிடிபட்ட பையனை இரண்டு வாரம் வீட்டில் உட்கார வைத்தால் அவன் வீட்டிலா உட்காருவான்? தாய் காலை ஐந்தரைக்கு வேலைக்குப் போய்விடுகிறாள். யார் புட்டி விற்றானோ அவன் வீட்டு வாசலில்தான் உட்காருவான். அந்த இரண்டு வாரத்தில் பள்ளி செய்த நல்லது என்ன? ஏ.ஏ.டி.கே. நிறுவனமே 2010இல் இருந்து தானாக வருகிறவர்களுக்கென்று மையங்களைத் திறந்தது. ஹெரோயினில் விழுந்தவர்களுக்கு 2005இல் இருந்து அரசாங்கமே மெத்தடோன் கொடுத்து வருகிறது. அரசாங்கம் பெரியவர்களுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கும்போது, பள்ளி சின்னப் பிள்ளைக்குக் கதவைச் சாத்துவது என்ன நியாயம்? ரோத்தானும் வேண்டாம், மாலையும் வேண்டாம். வழிகாட்டி ஆசிரியரிடம் ஒப்படையுங்கள், கிளினிக்குக்கு அனுப்புங்கள், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். 'கூட்டாளி மயங்கிக் கிடக்கிறான்' என்று ஓடி வந்து சொல்கிற பிள்ளைக்குத் தண்டனை கிடையாது என்று வெளிப்படையாகச் சொல்லி வையுங்கள். அது ஒன்றைச் சொன்னாலே ஒரு உயிர் பிழைக்கும்.

பெற்றோரைக் கூப்பிடுங்கள் என்றேன். இங்கேதான் சங்கத்துக்கு வேலை வருகிறது. பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் வேலை நாளில் காலை ஒன்பது மணிக்கு வைக்கிறார்கள். மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி. கூட்டத்துக்குப் போகிற தாய் அந்த 65 வெள்ளியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். போகாவிட்டால் 'தோட்டத்துப் பெற்றோருக்கு அக்கறை இல்லை' என்று பேச்சு. அக்கறையைக் காசு கொடுத்து வாங்கச் சொல்கிறார்கள். பிள்ளை விஷயமாகப் பள்ளி எழுத்து மூலம் கூப்பிட்டால் அன்றைக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டும். அதுவரைக்கும் ஆசிரியர்கள் தயவு செய்து கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மாலை கோயில் மண்டபத்தில் வைக்கட்டும். நாற்காலி போட நாங்கள் இருக்கிறோம்.

அந்தத் தோட்டத்தில் அப்படி ஒரு கூட்டத்தை வருகிற இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை வைக்கப் போகிறோம். டிரஸர் ஐயா வருகிறேன் என்றார். வீட்டில் இருக்கிற புட்டி, மாத்திரை எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள், எது என்ன என்று அவர் பார்த்துச் சொல்வார். கட்டொழுங்கு ஆசிரியரையும் நேரில் போய் அழைத்தேன். "ஞாயிற்றுக்கிழமையா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். பிறகு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பையனின் இரண்டு வாரம் முடிந்து ஆறு நாள் ஆகிறது. திரும்ப வரலாம் என்று இன்னும் கடிதம் வரவில்லை. அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி இலாகாவுக்கு மனு எழுதி, தாயிடம் கைநாட்டு வாங்கி அனுப்பியிருக்கிறேன். அதுவரைக்கும் காலையில் அவன் சங்க அலுவலகத்துக்கு வந்து மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்காருகிறான். நேற்று ஒரு கேள்வி கேட்டான். "அங்கிள், அந்த டிரஸர் தாத்தா கிட்ட நானும் ஒண்ணு கேக்கலாமா, கூட்டத்துல இல்ல, தனியா?"

கேள் தம்பி என்றேன். நாளைக்குச் சாயங்காலம் அழைத்துக்கொண்டு போகிறேன்.